உம்மாவின் ஓட்டு

ஜூலை 29, 2025

இன்றும் குழாயில் காற்றுதான் வந்தது. பஞ்சாயத்தில் தண்ணீர் திறந்துவிடுகிற உமர் பாரூக், எங்கள் தெரு வால்வை மூடிவிட்டுத் தலைவர் ஐயம்பெருமாளின் வாழைத்தோட்டத்துக்குத் திருப்பிவிடுகிறார். ஊருக்கே தெரியும். "நாளைக்கு நான் கேக்கப் போறேன்" என்றாள் உம்மா. நான் பீடி சுற்றிக்கொண்டே தலையை ஆட்டினேன். வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்ததும் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். கடைக்குப் போனால்கூட வாய் திறக்க மாட்டேன்.

ஜூலை 30

அடிச்சுட்டான். வால்வு திறக்கிற இரும்புக் கம்பியால உம்மா வாயிலேயே அடிச்சுட்டான். "ஏட்டி, பொம்பளைக்கு என்ன கேள்வி?" — ஒரே அடி. பல் மண்ணில் கிடந்தது. நான் குடத்தோட பக்கத்துலதான் நின்னேன். வேற யாருமில்ல. ஏன் கத்தலை நான்?

ஆகஸ்ட் 2

தாடை எலும்பு முறிவு. கட்டுப் போட்டிருக்கிறார்கள். உம்மாவால் பேச முடியாது. தலைவர் பேச்சைக் கேட்டு, ஸ்டேஷனில் புகாரை வாங்கவில்லை.

என் கூடப்பிறந்த மூத்தவன் சுஹைல் காக்கா அரிவாள் தீட்டுகிறான். "அவன இங்கனயே வெட்டிப் போடுதேன்." பக்கத்து வீட்டு சுடலைவடிவு அக்கா வந்து திட்டினாள். "ஏலே, நீ ஜெயிலுக்குப் போயிட்டா உங்க உம்மாக்கு யாரு கஞ்சி ஊத்துவா? பதினஞ்சாந் தேதி கிராம சபை. அங்கன வந்து சொல்லுங்க. தீர்மானமா எழுதிட்டா தலைவரே நெனச்சாலும் மறைக்க முடியாது."

"பார்த்தவ இவ ஒருத்தி. இவளா பேசப் போறா?" காக்கா சிரித்தான். பிறகு சிரிக்காமல், "அங்கயும் நடக்கலைன்னா வெட்டுவேன்" என்றான்.

ஆகஸ்ட் 14

நாளைக்குச் சொல்ல வேண்டியதை, பீடி சுற்றிக்கொண்டே மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 15

கிராம சபையில் நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

எழுந்து, "எங்க தெரு—" என்றதுமே தலைவர் வயசைக் கேட்டார். பதினேழு என்றேன். "ஓட்டில்லாத பிள்ளைக்குக் கிராம சபையில என்ன பேச்சு? உக்காரு." சிரிப்பு. அப்படியொரு சட்டம் இருப்பது எங்களில் யாருக்குமே தெரியாது. காக்கா எழுந்தான். அவன் சட்டைக்குள் முதுகில் அரிவாள். எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போது உம்மா எழுந்து கையைத் தூக்கினாள், முகக் கட்டோடு. எனக்கு எங்கிருந்து வந்ததோ — "ஓட்டு எங்க உம்மாக்கு இருக்கு. அவ வாயை உங்க ஆளு உடைச்சுட்டான். அதான் நான் பேசுதேன்."

பேசினேன். கம்பி, தோட்டம், எல்லாம். உமர் பாரூக் இரும்பு நாற்காலியைத் தூக்கி என்மேல் வீசினான். காக்கா குறுக்கே பாய்ந்தான். அவன் கை முறிகிற சத்தம் கேட்டது. ரத்தம். அரிவாளை அவன் தொடவே இல்லை. மேற்பார்வைக்கு வந்திருந்த அதிகாரி பைய நழுவப் பார்த்தார். பெண்கள் வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். "தீர்மானம் எழுதிட்டுப் போங்க சார்" என்றாள் சுடலைவடிவு அக்கா. எழுதவைத்துவிட்டுத்தான் வழி விட்டார்கள்.

செப்டம்பர் 6

உமர் பாரூக்குக்கு வேலை போய்விட்டது. கேஸ் நடக்கிறது. வால்வு இப்போது மகளிர் குழுவின் பொறுப்பு. காலையில் குழாய் சீறி, துருத்தண்ணீரைத் துப்பி, பிறகு தெளிந்தது. காக்கா கட்டுப் போட்ட கையோடு குடத்தைத் தூக்கப் போனான்.

"காக்கா, வை கீழ!"

தெருக்கோடி வரை கேட்டிருக்கும். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் உள்ளே ஓடவில்லை.