அலிபுரம் களியும் ஏழாம் ஜார்ஜும்

சேசு மரி சூசை

திண்டுக்கல்
18-8-61

அன்புள்ள மகள் மரியசெல்வத்துக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தம்பி ராயப்பராஜ், முட்டை போடாமல் வெறுமனே கொக்கரிக்கிற அந்தச் செவலைக் கோழி வரைக்கும் ஆண்டவர் கிருபையில் சுகம். அங்கே உன் சுகத்துக்கு எழுது. கூடவே உன் ஜார்ஜ் சுகத்துக்கும் எழுது, இனிமேல் கேட்காமல் இருக்க முடியாதே. ஏண்டி, நர்சு வேலைக்கென்று சீமைக்குக் கப்பலேற்றி அனுப்பினோம், வெள்ளைக்காரனுக்கு நாலு ஊசி போட்டுவிட்டு வருவாய் என்று பார்த்தால், ஒருத்தனைக் கட்டிக்கொள்கிறேன் என்று எழுதுகிறாய். அதையாவது நேராக எழுதினாயா? குளிர், கம்பளி, உருளைக்கிழங்கு என்று மூன்று பக்கம் அளந்துவிட்டு, கடைக்கு அனுப்பும்போது மறந்துபோன சாமானைச் சொல்கிற மாதிரி கடைசி வரியில் சொல்லியிருக்கிறாய். சாமர்த்தியம் எல்லாம் உன் அப்பாவைக் கொண்டு.

அவருக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். உருளைக்கிழங்கு வரைக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தவர், கடைசி வரி வந்ததும் பேரு என்ன சொன்னே என்றார். ஜார்ஜ் என்றேன். அஞ்சாம் ஜார்ஜ் போயிட்டான், ஆறாம் ஜார்ஜையும் அனுப்பி வச்சாச்சு, இவன் ஏழாம் ஜார்ஜா, நேரா நம்ம வீட்டுக்கே வாரானாக்கும் என்று சொல்லிவிட்டு ராட்டைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். நூல் அறுந்துகொண்டே இருந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுபோயிற்று. நாற்பத்திரண்டில் உனக்கு நாலு வயது, ஒன்றும் ஞாபகம் இருக்காது. நம்மை மாதிரி வேதக்காரக் கிறிஸ்தவர்கள் எல்லாம் வெள்ளைக்காரன் ஆள் என்று கடைத்தெருவில் நம் காதுபடப் பேசுவார்கள். அந்தப் பேச்சைப் பொறுக்கமாட்டாமல்தான் நீங்கள் கொடியைத் தூக்கினீர்கள் என்று அப்பாவை நான் கேலி செய்வேன், இல்லை தேசத்துக்காக என்று அவர் கோபித்துக்கொள்வார். இரண்டும்தான். வெள்ளைக்காரனே வெளியே போ என்று தாலுகா ஆபீஸ் முன்னால் கத்திக்கொண்டு நின்றபோது வெள்ளைக்காரச் சார்ஜன்ட் லத்தியை ஓங்க, அப்பா தலைக்கு வந்த அடியை வடமதுரை முத்துச்சாமி மாமா கையை நீட்டி வாங்கிக்கொண்டார். மாமாவின் இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது. இப்போது நீ இவனைக் கட்டினால் அதே கடைத்தெரு, பாத்தியா அன்னைக்கே சொன்னோமே என்று சொல்லும். முத்துச்சாமி மாமா முகத்தில் எப்படி முழிப்பது என்பது அதைவிடப் பெரிதாக அப்பாவை அரித்தது.

அதற்குள் ஆகஸ்டு பதினைந்து வந்துவிட்டது. அந்த நாற்பத்திரண்டில் பிடிபட்டு அலிபுரம் ஜெயிலில் சேர்ந்து கிடந்த அப்பா, முத்துச்சாமி மாமா, மீரான் மாமா மூன்று பேரும் வருசா வருசம் அன்றைக்கு நம் வீட்டில் கூடி ஜெயில் களி தின்கிற கூத்து உனக்குத் தெரியாததா. ஊரே மிட்டாய் தின்கிறது, நான் மட்டும் உப்பில்லாமல் சோளக் களி கிண்டுகிறேன். போன வருசம் கை தவறிப் பக்குவமாக அமைந்துபோய், தோல் வியாபாரம் மீரான் மாமா, என்னம்மா இது, இப்படிப் போட்டிருந்தா நாங்க எதுக்குச் சொதந்திரம் கேக்கப்போறோம் என்று குறைப்பட்டார். இந்த வருசம் வேண்டுமென்றே அடிப்பிடிக்க விட்டேன், எல்லாருக்கும் பரம திருப்தி. உன் விசயத்தை அன்றைக்குப் பேசவேண்டாம் என்று அப்பாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அந்த மனுசருக்கு வாயில் எதுதான் நிற்கும்? பாதிச் சாப்பாட்டில் சொல்லிவிட்டார். முத்துச்சாமி மாமா கையிலிருந்த களியை அப்படியே தட்டில் வைத்தார். ஏலே இஞ்ஞாசி, எவன் அடிச்சான்னு மறந்துபோச்சா என்று அப்பாவைக் கேட்டார். மீரான் மாமா சும்மா இருப்பாரா, முத்துச்சாமி மாமாவைப் பார்த்து, அப்பு, நாம வெளிய போன்னு சொன்னோம், அவனும் போயி அவன் ஊருல ஒழுங்காத்தான இருக்கான், இப்ப நம்ம புள்ளைதான அங்க போயி குடியேறப் பாக்குது, வழக்குப் போட்டா அவன்தான் போடணும் என்றார். நான் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டேன். முத்துச்சாமி மாமா சிரிக்கவில்லை. கையைக் கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்பா செருப்புக்கூட மாட்டாமல் பின்னாலேயே ஓடினார்.

உன்னிடம் மறைப்பானேன், எனக்கு வெள்ளைக்காரனும் பயமில்லை, கடைத்தெருவும் பயமில்லை. நீ அங்கேயே இருந்துவிடுவாயே, உன் பிள்ளை என்னை வேற்று ஆள் மாதிரிப் பார்க்குமே, அதுதான் பயம். அப்பா திரும்பி வருகிற வரைக்கும் அதை நினைத்து அழுதேன்.

வந்ததும் தண்ணீர் கேட்டார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வெறுங்காலோடு பின்னாலேயே நடந்தாராம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் முத்துச்சாமி மாமா ஜன்னல் வழியாக, கடுதாசியில நம்ம புள்ள சந்தோசமா எழுதியிருக்கா என்று கேட்டாராம். சந்தோசமாத்தான்டா எழுதியிருக்கு என்றாராம் அப்பா. மாமா அந்த மடங்காத விரலைத் தடவிக்கொண்டே, போன தடவ அவனுக ஒரு வார்த்தை கேக்காம வந்தானுக, இவனையாச்சும் கேட்டுட்டு வரச் சொல்லு என்றாராம். யாரைக் கேட்கவேண்டும் என்று அப்பா கேட்பதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது. அவன் சொல்லாட்டி எனக்குத் தெரியாதா, அந்த ஜார்ஜ் எனக்கு ஒண்ணும் எழுத வேண்டாம், முத்துச்சாமிக்கு எழுதட்டும், அவன் வான்னு சொன்னா நானும் வான்னு சொல்லுவேன் என்கிறார் உன் அப்பா. இதற்கு மேல் அவரை நகர்த்த என்னால் ஆகாது, உன்னாலும் ஆகாது.

குளிருக்குக் காதை மூடிக்கொள். பூசையை விடாதே. மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், அந்தப் பிள்ளை ஜார்ஜையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: முத்துச்சாமி மாமாவுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது, வேறு ஆள் வாசித்துச் சொல்லவும் கூடாது என்பது அப்பா உத்தரவு. அதனால் ஜார்ஜைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தமிழ் எழுதப் பழக்கு. பெரிய கடுதாசியெல்லாம் வேண்டாம். கோணல்மாணலாக இருந்தாலும் சரி, அவன் கையாலேயே ஒரே ஒரு வார்த்தை எழுதிக் கீழே பெயரைப் போட்டு வடமதுரைக்கு அனுப்பட்டும். வரலாமா என்று.

இப்படிக்கு,
உன் வழியைப் பார்த்திருக்கும் அம்மா
சவரியம்மாள்