பெண்கள் பக்கத்துப் படங்கள்

செவ்வாய், மீமிசல்.

பர்வீன் கல்யாணத்தில் பெண்கள் பக்கம் படம் எடுத்தது நான். அவள் வீட்டார் மட்டும் பார்க்கட்டும் என்று என் ஸ்டுடியோவின் இணையதளத்தில் அவள் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் போட்டேன். பாஸ்வேர்டு வைக்கவில்லை. லிங்க்கை வேறு யாருக்கும் கொடுக்கவில்லையே, அதுவே பூட்டு என்று நினைத்த மடச்சி நான். இன்று மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன் நெட்டில் அவள் பெயரைத் தேட, முக்காடில்லாத படமெல்லாம் வந்திருக்கிறது. அதை மாப்பிள்ளைக்கே அனுப்பியிருக்கிறான்.

பர்வீன் போனில் கத்தவில்லை. "ஆம்பளைக கண்ணுல படக்கூடாதுன்னுதானேக்கா ஒங்களக் கூப்பிட்டோம்?" என்றாள்.

ஃபோல்டரை அழித்துவிட்டேன். ஆனாலும் தேடினால், தேடுதளம் முன்பே எடுத்து வைத்த நகலில் இன்னும் சின்னதாகத் தெரிகிறாள், என் ஸ்டுடியோ பெயருக்கு மேலே, மருதாணிக் கையோடு சிரித்தபடி. அன்றைக்கு என்னைப் பார்த்துத்தான் அப்படிச் சிரித்தாள்.