நீ சொல்லாமல் விட்டது

இன்று காலை போர்வைத் தறிக்கூடத்துக் கம்ப்யூட்டர் மறுபடியும் உன்னைப் போலவே பேசியது. "ஓரத்துக்கு என்ன நெறம்னு சொல்லலியேடா. நிறுத்திப்போட்டேன்." நீ எழுதி வைத்த வாசகம். நீ போய் ஓர் ஆடியும் கழிந்துவிட்டது. உன் புரோகிராம் மட்டும் இன்னும் என்னை அதட்டிக்கொண்டிருக்கிறது, மாப்ளே.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து ஓய்வுபெற்று கருமத்தம்பட்டிக்குத் திரும்பிய நீ, எனக்காகத் தறியை ஓட்டும் கட்டளைகளைத் தமிழில் வைத்தாய். கறுப்புத் திரையில் ஒரே வரி. இரண்டு கோடு போட்டு 'ஓரம்', அதன் பின்னால் நிறம். இன்னும் இரண்டு கோடு போட்டு 'சோதனை'. அதை அடித்தால் தறி ஓடாது, படம் மட்டும் காட்டும்.

ஒரு நாள் நிறத்தை அடிக்க மறந்தேன். அடுத்து நின்ற 'சோதனை'யையே நிறத்தின் பெயராக எடுத்துக்கொண்டது உன் புரோகிராம். அப்படியொரு நிறம் அதற்குத் தெரியாது. சோதனை பார்க்கச் சொன்னதும் அதன் காதில் விழவில்லை. தறி ஓடிவிட்டது. போர்வை போர்வையாக, ஓரமே இல்லாமல் இறங்கியது.

"ஏனுங்க இஞ்சினீயரே, உங்க புள்ளைக்கு ஊட்டுல சோறு போடறதில்லீங்களா? பக்கத்து எலையில கைய வெக்குது!" என்றேன்.

நீ வயிறு குலுங்கச் சிரித்தாய். "யாரோ எழுதி வெச்ச லைப்ரரிய எடுத்துப் போட்டேன், அது அப்படிடா. நெறம் வரணும்னு சொல்லிட்டா, அடுத்து எது வந்தாலும் முழுங்கிப்போடும். மாத்திப்போடறேன்."

"அப்படியே, ஒண்ணும் சொல்லாட்டி சிவப்புன்னு எடுத்துக்கச் சொல்லீரு. எல்லாரும் சிவப்புத்தான கேக்கறாங்க."

உன் சிரிப்பு நின்றது. "அது மட்டும் ஆகாது. நீ சொல்லாதத நானே சொல்லிக்கிட்டா, அது உன்ற போர்வை இல்ல."

அப்படிப்பட்ட நீ, கோவை ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடந்தாய். மூச்சுக்குக் குழாய் போடலாமா என்று டாக்டர் கேட்டார். உன் மனைவி என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லியிருக்காருங்களா?"

எதையெதையோ பேசிச் சிரித்திருக்கிறோம். இதைப் பேசவே இல்லை.

"யாரும் ஒண்ணும் சொல்லலைன்னா போட்டுருவோங்க. அதுதான் வழக்கம்" என்றார் டாக்டர். போட்டார்கள்.

பிறகு நீ கண் விழித்தாய். குழாய் வாயை அடைத்திருந்தது. "என்ன மாப்ளே, இப்பவாச்சும் நான் பேசறதக் கேளு" என்று சீண்டினேன். நீ சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினாய். பிடுங்கிவிடு என்றா, கூடவே இரு என்றா? நர்ஸ் வந்து உன் விரல்களைப் பிரித்தாள். மறுநாள் நீ இல்லை.

போன வாரம் என் மகளை உட்காரவைத்து, எனக்குக் குழாய் வேண்டாம் என்றேன். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா என்னங்கப்பா பேச்சு?" என்று அழுதாள். அழட்டும் என்று இன்னொரு தரமும் சொன்னேன். "சரிங்கப்பா" என்று அவள் வாயால் வரும்வரை விடவில்லை. அந்த மட்டில் நிம்மதி. ஆனால் சட்டைக் கைப் பொத்தானைப் போடும்போதெல்லாம் மணிக்கட்டில் உன் பிடி தெரிகிறது. அது என்ன கேட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.