கோட்டுக்குள் இருப்பது உங்கள் கழுத்தல்ல

தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு சைக்கிளில் வீடு திரும்பும் என் அப்பாவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது கழுத்துத்தான். உங்கள் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கென்று பெரியப்பா கொண்டுவந்த படத்தில் சுற்றியிருந்த பேப்பரை அம்மா பிரித்தபோது, முகத்தைப் பார்க்க முதலே அதைக் கண்டுவிட்டேன். நாடிக்குக் கீழே, கோட்டுக்குக் கட்டிய ரைக்கு மேலே, வேறு யாரோ ஒருவரின் கழுத்து. நீளமான, வெள்ளையான, வெயிலே படாத கழுத்து.

முகம் உங்களுடையதுதான். ஸ்ரூடியோக்காரர் உங்கள் அடையாள அட்டைப் படத்திலிருந்து தலையை வெட்டி எடுத்து ஒரு நீலக் கோட்டின் மேல் வைத்திருந்தார். கன்னத்தை மினுக்கியிருந்தார். பின்னால் பனி மூடிய ஏதோ ஒரு மலை. அப்பா, நீங்கள் மலை கண்டதுண்டா?

"எப்பிடி?" என்று பெரியப்பா கேட்டார். "ஆட்டைத் திவசத்துக்கு வாற சனம் பாக்கட்டும். ஒரு எஞ்சினியர் மாதிரியெல்லே இருக்கிறான்."

அம்மா "ஓம்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் எப்போது சொல்லியிருக்கிறேன்? வகுப்பில் வாசிக்க எழுப்பினால் என் தொண்டை அடைத்துக்கொள்ளும். பிள்ளைகள் சிரிப்பார்கள். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபோது ஊரே ஏசியது, நீங்கள் ஏசவில்லை. "வாய் வராட்டி என்ன, அவளுக்குக் கை வருது" என்று சொல்லி, படம் கீறுகிற தடித்த தாள், ஒரு பிறிஸ்டல் போர்ட்டைச் சுருட்டி சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டு வந்தீர்கள்.

அந்தக் கை இப்போது என்ன செய்கிறது என்று உங்களுக்குச் சொல்லவேண்டும்.

பகலில் வெங்காயம் பிடுங்குகிறது. புத்தூரில் தோட்டம் செய்கிறவர்கள் கூப்பிட்டால் போவேன். செம்மண் நகத்துக்குள் ஏறி இருக்கும். பின்னேரம் கையைக் கழுவிவிட்டுப் படம் கீறுவேன். கீறியதை உங்கள் போனில் பிடித்து முகநூலில் ஒரு குழுவுக்குள் போடுவேன். குழுவின் பெயர் 'கீறிப் பாப்பம்'. அங்கே இருக்கிற யாரும் ஓவியர் இல்லை. எல்லோரும் வேறு வேறு வேலை செய்துகொண்டு, கிடைக்கிற நேரத்தில் கீறுகிறவர்கள்.

அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. ஒருவருடைய படத்தின் கீழே வெறுமனே "சூப்பர்" என்று எழுதக்கூடாது. பூப் படமும் இதயப் படமும் போட்டுவிட்டு ஓடக்கூடாது. உன் கண் முதலில் எங்கே போனது, எந்தக் கோட்டில் இடறியது, இரண்டையும் சொல்லவேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் பேசாமல் பார்த்துவிட்டுப் போகலாம். பேசாமல் பார்ப்பதில் நான் கெட்டிக்காரிதானே. அப்படியே பல மாதம் இருந்தேன்.

கிளிநொச்சியில் ஓட்டோ ஓடும் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் ஓட்டோ அண்ணை. முன்னால் இருக்கும் சின்னக் கண்ணாடியில் தெரிகிற ஆட்களைத்தான் கீறுவார். ஒருநாள் ஒரு படத்தைப் போட்டார். "அண்ணை, உது ஆடோ, மாடோ?" என்று ஒருவர் கேட்டார். "அது என்ரை மச்சான். கண்டால் கொன்று போடுவான், மெல்லமாக் கதையுங்கோ" என்று பதில் வந்தது. அன்றைக்குத்தான் நான் முதல்முதல் எழுதினேன். "கண் முதல் மீசைக்குப் போச்சுது. காதை இறக்கினால் மாடு மனிசனாகும்." எழுதிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். நிமிர்த்திப் பார்த்தால் அவர் காதை இறக்கிய படம் வந்திருந்தது. "தங்கச்சி, மச்சானுக்கு உயிர் வந்திட்டுது!"

ரிஸ்மியா அக்காவும் அங்கேதான் பழக்கம். யாழ்ப்பாணம் ரவுணில் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறார். சின்ன வயதில், முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேற்றியபோது குடும்பத்தோடு புத்தளம் போக வேண்டி வந்து, கலியாணம் கட்டிய பிறகு திரும்பி வந்தவர். அவர் கீறுவது முழுக்கக் கதவுகள். பூட்டின கதவு, பாதி திறந்த கதவு, கதவே இல்லாத வாசல்நிலை. எழுதப் பஞ்சி, அலுப்பு; குரலைப் பதிந்துதான் அனுப்புவார். பின்னால் தையல் மெஷின் கடகடவென்று ஓடும்.

உங்களை நான் கீறியது அந்தக் கோட்டுப் படம் வந்த பிறகுதான் அப்பா. அதற்கு முதல் மனம் வரவில்லை. மருதனார்மடம் சந்தைக்கு முன்னால் தேத்தண்ணி குடிக்கும்போது போனை நீட்டிப் பிடித்து நாங்கள் இருவரும் எடுத்த படம் இருக்கிறதல்லவா, அதைப் பார்த்துக் கீறினேன். நீங்கள் அப்போதுதான் மூட்டை இறக்கிவிட்டு வந்திருந்தீர்கள். வெறும் மேல், தலையில் துவாய். சந்தையில் மூட்டை தூக்குவதை எங்கள் பக்கம் நாட்டாமை வேலை என்பார்கள். அந்த வேலை உங்கள் தோளும் கழுத்தும் சேருமிடத்தில் வைத்த கட்டியையும் கீறினேன். சாக்கு உரசி உரசிக் காய்த்து, உள்ளங்கை அளவுக்குப் புடைத்துப் போன கட்டி.

போட்டேன். ரிஸ்மியா அக்கா குரலில் சொன்னார். "தங்கச்சி, என்ரை கண் நேரை அந்தக் கழுத்துக்குத்தான் போச்சு. ஆனா அங்கைதான் உன்ரை கை பயந்திருக்கு. முகத்திலை கோடெல்லாம் நல்லா ஊண்டிக் கீறியிருக்கிறாய். கட்டி வந்த இடத்திலை மட்டும் பென்சில் தொட்டும் தொடாமலும் போகுது. ஏன்? வெக்கமோ?"

படத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. பிறகு பென்சிலை வைத்துவிட்டு அடுப்பிலிருந்து சிரட்டைக் கரி எடுத்தேன். அந்த இடத்தை ஊன்றிக் கீறினேன். கரி இரண்டாக முறிந்தது. திரும்பவும் குழுவில் போட்டேன்.

அந்தப் படம்தான் பிரச்சினையானது. பெரியப்பாவின் மகன் பிரான்சில் இருந்து அதை முகநூலில் கண்டு தகப்பனுக்கு அனுப்பியிருக்கிறார். பெரியப்பா விடிய வெள்ளன வந்து வாசலில் நின்றார்.

"எடியே, செத்த மனிசனை உரிஞ்சு ஊருக்குக் காட்டுறியோ? லைக் போதாமப் போச்சோ உனக்கு?"

அம்மா கதிரையை இழுத்துப் போட்டார். அவர் அதில் இருக்கவில்லை, நின்றபடியே ஏசினார்.

"உயிரோடை இருக்கேக்கை அவன் ஒரு நல்ல உடுப்பு உடுத்தேல்லை. செத்தாப் பிறகாவது போடட்டும் எண்டு நான் ஓடித் திரிஞ்சு படம் செய்விச்சா, நீ அவன்ரை முதுகு முறிஞ்ச கோலத்தைப் போட்டிருக்கிறாய். அந்தக் கட்டியைப் பாத்தா உனக்கு என்ன தெரியுதோ தெரியாது. எனக்கு என்ரை தம்பியைச் சாக்காட்டினது தெரியுது."

அதைச் சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த சால்வையால் முகத்தைத் துடைத்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "திவசத்துக்கு முன்னம் உது அழிஞ்சிருக்கவேணும். இல்லாட்டி அந்தப் போனை வாங்கி வையும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா, அவர் உங்களில் பாசம் இல்லாமல் சொல்லவில்லை. எனக்கு அது விளங்குகிறது. ஆனால் பாசம் இருந்தால் ஒரு மனிதனின் கழுத்தை மாற்றலாமா? அந்தச் சுமைதான் உங்களைக் கொன்றது என்றால், அதைத் தூக்கியவர் யார் என்பதையும் ஏன் மறைக்க வேண்டும்? நீங்கள் களவெடுத்தீர்களா? அதில்தானே நாங்கள் சாப்பிட்டோம். இதையெல்லாம் அவர் வாசலில் நின்றபோது நான் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அம்மா போனை வாங்கி வைக்கவில்லை. "காட்டு, என்னத்தைப் போட்டனீ?" என்று கேட்டார். அதுவரை அவர் என் படம் ஒன்றையும் கேட்டுப் பார்த்ததில்லை. போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார், தூரப் பிடித்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"பிழை" என்றார்.

"என்னம்மா?"

"கட்டி உந்தப் பக்கமில்லை. வலப்பக்கம்."

"போட்டோவிலை இப்பிடித்தான் அம்மா இருக்கு. அதைப் பாத்துத்தான் கீறினனான்."

"போட்டோ என்னத்தைக் கண்டது? எண்ணெய் பூசினது நான்." எழும்பி என் பின்னால் வந்து, தன் வலக் கையை என் வலத் தோளில் வைத்து அழுத்தினார். "இஞ்சை. இதிலை."

குழுவில் கேட்டேன். ஓட்டோ அண்ணை உடனே எழுதினார். "தங்கச்சி, முன்பக்கக் கமராவும் என்ரை ஓட்டோக் கண்ணாடியும் ஒரே சாதி. சில போன் ஆளை இடம் வலம் மாத்தித்தான் படத்தை வைக்கும். நீ அப்பாவைக் கண்ணாடிக்குள்ளை கீறியிருக்கிறாய். ஆர் கண்டுபிடிச்சது? எங்கள் ஒருத்தருக்கும் தெரியேல்லையே!"

"அம்மா" என்று எழுதினேன்.

"அவவையும் குழுவிலை சேர்" என்றார் ரிஸ்மியா அக்கா. மெஷின் நின்றிருந்தது.

பிழையென்று தெரிந்த பிறகு அப்படியே விட முடியுமா? நீங்கள் வாங்கித் தந்த பிறிஸ்டல் போர்ட்டில் கடைசித் துண்டு மிச்சம் இருந்தது. முழுதாகத் திரும்பக் கீறினேன். அம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் மேலை." "அவ்வளவு உருண்டையில்லை, சப்பை." "அந்தாள் சிரிக்கேக்கை ஒரு கண் கூடச் சுருங்கும்." நான் கேட்கக் கேட்கச் சொன்னார். கேட்காமலும் சொன்னார். உங்களைப் பற்றி அவர் அவ்வளவு கதைத்து நான் கேட்டதே இல்லை அப்பா.

திவசத்தன்று கோட்டுப் படத்தைச் சுவரில் கொழுவி மாலை போட்டிருந்தார்கள். ஐயர் வந்தார், படைத்தோம். ஆட்கள் படத்தைப் பார்த்து "வடிவாயிருக்கு" என்றார்கள். ஒரு மாமி மட்டும் "இதார்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். சந்தையில் உங்களோடு மூட்டை தூக்கிய ஒருவரும் வரவில்லை. பெரியப்பா அவர்களுக்குச் சொல்லவில்லையாம்.

பந்தி முடிந்து ஆட்கள் வெற்றிலை போடும்போது பெரியப்பா எல்லோருக்கும் கேட்கக் கேட்டார். "என்ன பிள்ளை, உதை அழிச்சிட்டியோ?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. தொண்டை அடைத்தது. வகுப்பில் அடைத்த அதே மாதிரி. நான் அது திறக்கும்வரை நின்றேன். யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தாலும் நின்றிருப்பேன்.

"அழிக்கேல்லைப் பெரியப்பா. திருத்தினனான்."

"என்ன?"

"கட்டியைப் பிழையான பக்கம் கீறிப்போட்டன். இப்ப சரியான பக்கம் கீறிப் போட்டிருக்கு. அப்பா நாட்டாமை எண்டும் கீழை எழுதியிருக்கிறன்."

அவர் அம்மாவைப் பார்த்தார். "கேட்டீரோ உம்மடை பெட்டை கதைக்கிறதை?"

"ஓம்" என்றார் அம்மா. "வலப்பக்கம்தான் அண்ணை. எனக்குத் தெரியும்."

பெரியப்பா வெற்றிலையைத் தட்டத்தில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். இன்றுவரை எங்களோடு கதைப்பதில்லை. வழியில் கண்டால் மற்றப் பக்கம் பார்க்கிறார். எனக்குக் கவலைதான். ஆனால் அந்தக் கவலைக்காக உங்கள் கழுத்தை நான் விட்டுக் கொடுக்கமாட்டேன். கோட்டுப் படமும் சுவரிலேயே இருக்கிறது. அது அவர் தன் தம்பிக்குப் போட்ட உடுப்பு, இருக்கட்டும். இரண்டில் எது நீங்கள் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு எனக்கு இப்போது வாய் இருக்கிறது.

அப்பா, ஒரு வாக்குத் தருகிறேன். உங்களை நான் இன்னும் கீறுவேன். மூட்டையோடு கீறுவேன், மூட்டை இல்லாமலும் கீறுவேன். பிழை என்று சொல்கிறவர்களுக்குக் காது கொடுப்பேன், வெட்கம் என்று சொல்கிறவர்களுக்குக் கொடுக்கமாட்டேன். யார் வந்து கேட்டாலும் அழிக்கமாட்டேன்.

திவசத்துக்கு மறுநாள் உங்கள் சைக்கிளை எடுத்தேன். பிறிஸ்டல் போர்ட்டைக் கரியரில் தட்டையாய் வைத்துக் கட்டிக்கொண்டு, சுன்னாகம் வழியாக மருதனார்மடம் சந்தைக்குப் போனேன். வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். "நான் இவரின்ரை மகள்" என்று சொல்லிப் படத்தை நிமிர்த்திப் பிடித்தேன். ஒருவர் கிட்ட வந்து, "இவன் எங்கடை ஆளெல்லே!" என்றார். இன்னொருவர் தோளில் மூட்டையோடு நின்றபடியே, "ஒரு சட்டையாவது போட்டு விட்டிருக்கலாமே பிள்ளை, பொடியனுக்குக் குளிரப்போகுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேலைக்கு இறங்கமுதல் அவர்கள் சட்டைகளைக் கழற்றிக் கொழுவும் தூணில் ஒரு ஆணி வெறுமையாக இருந்தது. படத்தை அதில் கொழுவினேன்.

இப்படிக்கு,
நாட்டாமையின் மகள்,
உங்கள் சின்னப்பெட்டை