கப்பலில் வந்த மருமகன்

அன்பு மகன் லுத்ஃபிக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் உடம்பளவில் சுகம். உன் சுகத்தை நான் விசாரிக்க வேண்டியதில்லை, கண்ணாலேயே பார்த்துவிட்டேன், கன்னத்தில் சதை போட்டிருக்கிறது. உம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இன்னும் கட்டு அவிழ்க்கவில்லை, இன்னொரு கண்ணில் முன்பிருந்தே மங்கல்தான் என்பது உனக்குத் தெரியும். உன் தங்கை ஹாஜர் கூடவே இருந்து கஞ்சி, மருந்து எல்லாம் கவனித்துக்கொள்கிறாள். லீவு கிடைக்கவில்லை என்று நீ போனில் சொன்னதை உம்மா அப்படியே நம்பினாள், பக்கத்து வீட்டாரிடம், "ஜெர்மனியில வேலைன்னா சும்மாவா, நெனச்ச நேரம் வர முடியுமா, எம்புள்ள அங்க கெடந்து தவிப்பான்" என்று உனக்காக அவளே வக்காலத்து வாங்கினாள். நானும்தான் நம்பினேன்.

போன வியாழக்கிழமை துறைமுகத்துக்குப் பெரிய சுற்றுலாக் கப்பல் வந்தது. சட்டையில் வட்டமாக நம்பர் ஒட்டிக்கொண்டு அந்தக் கூட்டம் நம் கடைத்தெருவுக்குள் வந்தது. துனிஸில் யாரும் மூஞ்சியைப் பார்த்து ஆளை எடை போடுவதில்லை, இந்தக் கடலைச் சுற்றி எல்லாருக்கும் ஒரே மூக்கு, ஒரே முழி. காலைத்தான் பார்ப்போம். பளபளவென்று தோல் செருப்பும் காலுறை போடாத கணுக்காலும் என்றால் இத்தாலி. வெயிலில் மண்டை காய்ந்தாலும் கழுத்தில் துணி சுற்றியிருந்தால் பிரான்சு. மலையேறப் போகிற மாதிரி கெட்டிச் செருப்பு, பக்கத்துக்கு மூன்று பை வைத்த கால்சட்டை என்றால் ஜெர்மனி, சந்தேகமே வேண்டாம். நம் பிள்ளைகள் லீவில் வந்தால் அதைவிடச் சுலபம், தூசி படாத வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு குழந்தை மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நடப்பார்கள். எதிர்க்கடை ஷெத்லி வேறு, "மோன்செஃப், இன்னிக்கு ஒரு ஆளத் தப்பாச் சொன்னாலும் காபி உன் கணக்கு" என்று உசுப்பிவிட்டான். நான் விற்பனைக்கு வைத்த பீங்கான் தட்டுகளைத் துடைத்தபடி தலை நிமிராமல், நான்கு ஜோடிக் கெட்டிச் செருப்புகளைப் பார்த்து, வாங்க ஜெர்மனி, வாங்க ஹாம்பர்க் என்று கூவினேன். உன் ஊர் என்பதால்தான் ஹாம்பர்க் என்று சொன்னேன். நீ சந்து மாறிப் போகத்தான் பார்த்திருப்பாய், உன்னோடு வந்த பெரியவர் என் குரலுக்கு நின்றுவிட்டார்.

கோடையில் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் மல்லிகைக் கொத்து கொடுப்பேன் என்பது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றும் குனிந்த தலையோடு கொடுத்தேன். பெரியவர் மோந்து பார்த்தார், அவர் மனைவி கைப்பையில் செருகினாள், கூட வந்த அவர்கள் மகள் இரண்டு விரலில் பிடித்துக்கொண்டாள். நான்காவது கை மட்டும் கொத்தை வாங்கிய கையோடு காதுக்குப் போனது. மல்லிகையைக் காதில் செருகுவது நம்மூர் ஆண்கள் பழக்கமாயிற்றே, வெளியூர்க்காரனுக்கு அது எங்கிருந்து வரும் என்றுதான் நிமிர்ந்தேன். நீ. என்னைப் பார்த்ததும் கொத்தைக் காதிலிருந்து எடுத்து, அந்தப் பெண்ணைப் போலவே இரண்டு விரலில் பிடித்துக்கொண்டாய். மகனே, கெட்டிச் செருப்பு போட்டதைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. அந்தக் கை கீழே இறங்கியதை என்னால் பொறுக்க முடியவில்லை.

பெரியவர் நல்ல மனுஷர், பாவம், ஒன்றும் தெரியாது. என் கூவலில் மயங்கி உன் தோளில் தட்டி, "எங்க காலப் பாத்தே சொல்லிட்டீங்க, இவன் என் மருமகன், இவன் எந்த ஊர்க்காரன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றார். உனக்கு முகம் வெளுத்துவிட்டது. ஷெத்லி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை போதும் எனக்கு. இவன் நான் பெற்ற பிள்ளை, இங்கிருந்து எட்டு சந்து தள்ளி இவனைப் பெற்றவள் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, "அவரும் உங்க ஊர்தாங்க ஐயா" என்றேன். அவர் கை தட்டிச் சிரித்தார். "தோத்துட்டீங்களே, இவன் லூக்கா, இத்தாலியில சிசிலிக்காரன். தாய் தகப்பன் சின்ன வயசுலயே போயிட்டாங்க, இப்ப நாங்கதான் அவனுக்கு எல்லாம்" என்றார். நீ நீலத் தட்டு ஒன்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய், சின்ன வயதில் நீயே தூசி தட்டிய அதே அலமாரி. போகும்போது என்னிடம் ஜெர்மன் மொழியில், "நன்றி ஐயா" என்றாய். ஐயா!

கல்யாணம் செய்துகொண்டதைச் சொல்லாதது கோபம்தான், அது ஆறிவிடும். எங்களைப் பற்றி வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தால் ஏழை என்று சொல்லியிருக்கலாம், படிக்காதவர்கள் என்று சொல்லியிருக்கலாம், பேசுவதே இல்லை என்றுகூடச் சொல்லியிருக்கலாம். உயிரோடு இருக்கிற உம்மாவை எந்த வாயால் மண்ணில் வைத்தாய்? அன்று காபிக் காசை ஷெத்லி வாங்கவில்லை. அவனுக்கு உன்னை அடையாளம் தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போனால் உம்மா, "கட்டு அவிழ்க்கறப்ப மொதல்ல அவன் மூஞ்சியத்தான் பாக்கணும்னு நெனச்சேன், கொடுத்து வைக்கல" என்கிறாள். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பதை அன்றுவரை மற்றவர் வீட்டுக் கதை என்று நினைத்திருந்தேன்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல். மாதக் கடைசியில் கட்டு அவிழ்க்கிறார்கள், அவளையும் அழைத்துக்கொண்டு வா, அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, முகத்தில் நல்ல களை இருக்கிறது. வந்தால் வாசலில் உன்னை ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்.

உம்மா பக்கத்து அறையிலிருந்து, இவ்வளவு நேரமா என்ன எழுதறீங்க, எனக்கும் படிச்சுக் காட்டுங்க என்கிறாள். இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் ஒரு பொய் சொன்னதில்லை லுத்ஃபி. இப்போது இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் இல்லாத வரிகளைப் படிக்கப் போகிறேன். நீ லீவுக்கு அலைவதாகவும், ஒல்லியாகப் போய்விட்டதாகவும், அவளையே நினைத்துக்கொண்டிருப்பதாகவும் நீ போனில் சொன்னதற்கு நான் ஆறுதல் எழுதியிருப்பது போல.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும், அதைவிட நல்ல மனசும் தரட்டும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் உம்மாவுக்கு மறக்காமல் போன் பண்ணு, பக்கத்தில் யார் இருந்தாலும் உம்மா என்று வாய்விட்டுக் கூப்பிடு.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடிருக்கும் உன் வாப்பா
மோன்செஃப்