ராத்தா கொண்டு வந்த வட்டிலப்பம்

ஸுஹைனா,

ஐ.சி.யூ.வுக்குள்ள என்னை விடுறாங்க இல்ல. நேர்ஸிட்ட இதைக் குடுத்து விடுறன், கண் முழிச்சதும் வாசி.

பிள்ளை உண்டாக்க உன்ட கருமுட்டை எடுத்த அண்டைக்கு நீ மயக்கத்தில இருந்தாய். ஊசி மருந்தால வயிறு ஊதி மூச்சு முட்டினா உடனே கொண்டு வாங்க எண்டு டொக்டர் என்னட்டத்தான் சொன்னார்.

பிள்ளைக்காக ஊருக்குத் தெரியாமச் செய்த வைத்தியம். உன்ட ஊதின வயித்தைப் பார்த்து, என்னோட கூடப் பிறந்த ராத்தா, “எத்தனை மாசம்?” எண்டு கேட்டா. நீ என்னைப் பார்த்தாய். நான் ஓம் எண்ட மாதிரிச் சிரிச்சன்.

மறுநாள் அவ வட்டிலப்பம் இனிப்போட உன்னை வாழ்த்த ஆக்களையும் கூட்டி வந்தா. மூச்சு முட்டுது எண்டாய். வந்தவங்க போகட்டும் எண்டன்.

இப்ப உன்ட வயித்துத் தண்ணியைக் குழாய் வச்சு எடுக்கிறாங்க. வெளியில ராத்தா உன்ட வயித்துப் பிள்ளைக்காக அல்லாஹ்விட்ட துஆக் கேக்கிறா. பிள்ளை இல்ல, உனக்காகக் கேளுங்க எண்டு சொல்ல எனக்கு இன்னும் வாய் வருதில்ல.

உன்ட மனுசன்