போல்ட் போட்ட கடைசிக் கூடை

ராஜபாளையம்
12.6.1988

அன்பு மகன் தவசிமுத்துவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் சுகம் என்று இன்றைக்குத்தான் எழுத முடிகிறது. பம்பாயில் நீயும் ஆண்டவர் கிருபையால் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

பழைய லாரி டயரை வெட்டி அப்பா செய்கிற, கிணறு வெட்டும்போது கல் ஏற்றும் கூடைக்கு நீ போன லீவில் ஒரு யோசனை சொன்னாயே, தூக்குப் பட்டையைக் கூடையின் அடிவழியாகச் சுற்றிக் கொண்டுவர வேண்டாம், விளிம்பில் போல்ட் போட்டு முடுக்கினால் போதும், டயரும் மிச்சம் வேலையும் சீக்கிரம் என்று. அப்பாவும் அப்படியே செய்து விற்றார். போன வாரம் தளவாய்புரத்தில் கிணறு வெட்டும்போது அதில் ஒன்று பாதி வழியில் போல்ட் துளையோடு கிழிந்து, கல்லெல்லாம் உள்ளே கொட்டிவிட்டது. கீழே நின்றவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டதால் பிழைத்தார்கள். அன்றிலிருந்து அப்பா கடையைத் திறக்கவில்லை. வாங்கியவர்களைத் தேடிப் போய், அடிவழியாகப் பட்டை சுற்றிய கூடையைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வந்தார். சாப்பிடக் கூப்பிட்டால், இன்னும் ஒண்ணு வெளிய கெடக்கு என்பார்.

அது வ. புதுப்பட்டியில் இருப்பது நேற்றுத் தெரிந்தது. அவரைத் தனியாக விட மனமில்லாமல் நானும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறிப் போனேன். கிணற்றை எட்டிப் பார்த்தால், பாறைக்கு மருந்து வைத்துத் திரியைப் பற்றவைத்துவிட்டு, பொன்னுராஜ் என்று ஒருவர் அதே கூடைக்குள் உட்கார்ந்து மேலே வருகிறார். உன் வயதுதான் இருக்கும். கிரேனை நிறுத்தச் சொன்னால் கீழே வெடி, சொல்லாவிட்டால் மேலே உங்கள் போல்ட். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அப்பா விளிம்பில் குப்புறப் படுத்து, கைக்கு எட்டியதும் அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார். எல்லோரும் ஓடினோம், வெடித்தது. பொறவு அப்பா கத்தியை எடுத்துக் கூடையை அறுக்க, நல்ல கூடைய ஏன்யா அறுக்கீரு என்று பொன்னுராஜ் சண்டைக்கு வந்தார். அப்பா போல்ட் துளை பிய்ந்து அகன்றிருப்பதைக் காட்டியதும், அவரே கூடையின் மறுபக்கத்தை இழுத்துப் பிடித்துக் கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் உன்னைத் திட்டித் தீர்த்தேன். யோசனை அவனுது, கல்ல ஏத்தி இழுத்துப் பாக்காம வித்தது நாந்தான் என்றார் அப்பா. புது யோசனை வந்தால் எழுதாமல் இருந்துவிடாதே என்றும் சொல்லச் சொன்னார். எழுது. ஆனால் அடுத்த கூடையில் முதலில் உங்கள் இருவரையும் உட்காரவைத்துத் தூக்கிப் பார்க்காமல் விற்க விடமாட்டேன்.

ஆண்டவர் உன்னை ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும். வேலையிடத்தில் கவனமாக இரு, அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. இதைக் கொண்டுவருகிற சமுத்திரம் அண்ணாச்சியிடம் அந்தக் கூடையின் துண்டைத் துணியில் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். துளைக்குள் உன் விரலை விட்டுப் பார்.

உன் அம்மா,
பரிபூரணம்